கண்ணயர்ந்தவர் இறங்காத மலை

தோகைவரை மலையின் ஆரஞ்சு மரங்களுக்கு வைரஸ் நோய் கண்டிருக்கிறது என்றும், அதனால் அங்கிருந்து கன்றோ கிளையோ கொழுந்தோ எதுவும் மலையிறங்கக் கூடாது என்றும், மறு அறிவிப்பு வரும்வரை இந்த உத்தரவு அமலில் இருக்கும் என்றும் ஒரு தகரப் பலகையில் எழுதி, ஏழாவது கொண்டை ஊசி வளைவில் இருந்த சோதனைச் சாவடிக் கம்பத்தில் ஆணியடித்துவிட்டுப் போனார்களே, அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து மனிதர்களாலும் இறங்க முடியாமல் போனது.

முதலில் தெரிந்துகொண்டவர் மாயழகன். ஊருக்குக் கிழக்கே நூற்றிருபது ஆரஞ்சு மரங்கள் வைத்திருந்தவர். மறுநாள் காலை ஆறரை மணி பஸ்ஸில் வத்தலக்குண்டுக்குச் சீட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏழாவது வளைவில் பஸ் திரும்பும்போது முன்கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, தோகைவரை பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். குலுக்கல் இல்லை, தலைசுற்றல் இல்லை, சீட்டு இன்னொரு கையில் பத்திரமாக இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டோம் போல என்று நினைத்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். ஒன்பதரை பஸ்ஸிலும் அப்படியே ஆயிற்று. மறுநாள் காலையில் அந்த பெஞ்சிலும் அதைச் சுற்றியும் பதினொரு பேர், பஸ்ஸில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்களோ அதே வரிசையில், சீட்டும் கையுமாக இருந்தார்கள். மேலே திரும்பி வந்த கண்டக்டர் இறங்கி நின்று கத்தினார். "சீட்டு வாங்கின ஆளுங்க வளைவு தாண்டினா காணோம். எங்கேய்யா குதிக்கிறீங்க?"

நடந்து போனவர்கள் வளைவைத் தாண்டியதும் ஊரின் மேல்புறத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். காட்டுத் தடத்தில் போனவர்களும் அங்கேதான் வந்தார்கள். மரம் ஏறி விழுந்து இடுப்பு ஒடிந்த ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சர் வெறுமையாக ஆஸ்பத்திரி போய்ச் சேர, அந்த மனிதர் விழுந்த அதே மரத்தடியில் அதே பக்கமாகக் கிடந்து முனகினார். பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள், கம்பத்தையே பிடுங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றதும் அவர்களே திரும்ப நட்டு வைத்தார்கள்.

கீழேயிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் தடையில்லை. அவர்கள் காலையில் வந்தார்கள், வேலையை முடித்தார்கள், மாலையில் போனார்கள். ஆனால் மலைமேல் ஒரு கணம் கண்ணயர்ந்தவர்கள் போகவில்லை. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வருவாய் ஆய்வாளர் தணிகாசலம். விசாரணைக்கு வந்து, மதியம் பள்ளிக்கூடத்தில் முட்டைக் குழம்புச் சாப்பாடு சாப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி ஐந்து நிமிடம் குறட்டை விட்டவர், அதன்பிறகு அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார்.

முதல் வாரம் ஆச்சரியப்பட்டார்கள், இரண்டாம் வாரம் கோபப்பட்டார்கள், மூன்றாம் வாரம் ஊர்க்கூட்டம் போட்டு வெளியூர்க்காரர் எவர் கொட்டாவி விட்டாலும் பார்த்தவர் உடனே தட்டி எழுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். டீக்கடையில் கடுங்காப்பி நாள் முழுக்கக் கொதித்தது. ஞாயிறுதோறும் வருகிற முடிதிருத்துபவர் ஆள் இல்லாத நேரத்தில் தன் நாற்காலியில் தான் உட்காராமல் நின்றார். எழவுக்கு வந்த கீழ்நாட்டு உறவுக்காரர்கள் ராத்திரி தங்காமல், பாடையைத் தூக்கிய கையோடு பஸ் ஏறினார்கள். நிச்சயமான இரண்டு கல்யாணங்கள் நின்றுபோயின. பரீட்சை எழுதக் கீழே போகிற பிள்ளைகளுக்காகப் பரீட்சையே மேலே வந்தது, கண்காணிக்க வந்த ஆசிரியை மூன்று மணி நேரமும் நடந்துகொண்டே இருந்தாள். ஏன் இப்படி என்று கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் உப்பு வருமா என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொண்டாலும், தினமும் யாராவது ஒருவர் காலை பஸ்ஸில் ஏறி, வளைவு வரை போய், பெஞ்சுக்குத் திரும்பி, அங்கேயே சற்று நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.

நான்காவது மாதத்தில் ஜெசிந்தா வந்தாள். கீழே ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவள், நாற்பது வயது, புருஷன் இறந்தபிறகு தம்பி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறவள். நோய்ப்பட்ட மரத்திலிருந்து நோயில்லாத கன்று எடுக்கலாம் என்றும், அதற்குக் கொஞ்சம் கொழுந்து வேண்டும் என்றும் சொன்னாள். மாயழகன் தோட்டத்தில் வெட்டிய கொழுந்துகளைப் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுபோய்த் திறந்து பார்த்தால் பெட்டி காலி. வெட்டிய கொழுந்துகள், வெட்டுவாயில் ஈரம் காயாமல், அந்தந்த மரத்தடியில் கிடந்தன. ஆகவே கூடத்தை மேலே கொண்டுவந்தாள். பூட்டிக் கிடந்த பால் சங்கக் கட்டடத்தில் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, கிருமி போகக் கொதிக்கவைக்க நான்கு பெரிய குக்கர்கள், ஆயிரம் கண்ணாடிக் குழாய்கள். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போனாள். இரண்டு மாதம் அப்படிப் போனாள். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், நிமிர்ந்தபோது கன்னத்தில் மேஜை விளிம்பின் தடம் பதிந்திருந்தது. தட்டி எழுப்ப அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. அன்று மாலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தாள், பெஞ்சுக்கு வந்தாள். தம்பி மூன்று நாள் போன் செய்தான், அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை செய்தான், அப்புறம் அவளே செய்தாள்.

மாயழகனின் மனைவி பஞ்சவர்ணம் தன் வீட்டிலேயே அவளுக்கு இடம் கொடுத்தாள், பகலில் கூடத்து வேலைக்கும் கூடவே போனாள். கையில் நடுக்கம் இல்லாத பொம்பளை என்று ஜெசிந்தா அவளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். சட்டியில் வைத்த செடியை முதலில் பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் சில வாரம் சூட்டில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் செடி வளரும், வைரஸ் சுணங்கும். அப்போது துளிர்க்கிற கொழுந்தின் உச்சியிலிருந்து, கடுகை எடுத்துப் பத்தாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மட்டும் கிள்ளி எடுத்து, கண்ணாடிக் குழாய்க்குள் இருட்டில் முளைக்கவைத்த காட்டு எலுமிச்சை நாற்றின் தலையைச் சீவி, அதன்மேல் ஒட்டி வைப்பார்கள்.

"அவ்வளவூண்டு எதுக்கு மேடம்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"மரத்துக்குள்ள சாறு போற வழியிலதான்க்கா வைரஸும் போகும். உச்சியில இருக்கிற அந்தப் பொட்டுக்கு இன்னும் வழியே போடலை. வழி போடுறதுக்குள்ள அது மேல வளர்ந்துடுது. நோய் துரத்திக்கிட்டே வருது, அதை மட்டும் பிடிக்க முடியலை."

"கொஞ்சம் பெருசா வெட்டினா?"

"நோயும் கூடவே வந்துடும். ரொம்பச் சின்னதா வெட்டினா செத்துடும்."

"அப்போ தாய் மரம்?"

"அது பிழைக்காதுக்கா. அதைக் கடைசியில வேரோட எடுத்துடணும்."

முதல் நூறில் ஆறு பிழைத்தன. அந்த ஆறில் ஒன்றைக் கண்டக்டர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஊர் முழுக்க டீக்கடை முன்னால் நின்று அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தது, குழாய் எந்த மூலையில் வந்து விழுமோ என்று. முக்கால் மணி நேரம் கழித்து ஜெசிந்தாவின் போன் அடித்தது. "மேடம், இருக்கு! பையிலேயே இருக்கு!" என்று கண்டக்டர் கத்தியது சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. யாரோ தீபாவளிக்கு வைத்திருந்த சரவெடியைக் கொளுத்தினார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு இறங்கியதில், அந்த மலைக்கே சொந்தமான முதல் உயிர் அதுதான்.

அதன்பிறகு வாரந்தோறும் குழாய்கள் இறங்கின, கீழே சோதித்துச் சுத்தம் என்று சொன்னார்கள், வேறு மலைகளுக்கு நடக் கொண்டுபோனார்கள். தோகைவரையில் மட்டும் நட முடியவில்லை. பழைய மரங்கள் நிற்கும்வரை, அசுவினிப் பூச்சி அவற்றின் சாற்றைக் குடித்த வாயோடு புதுக் கன்றிலும் உட்காரும் என்றாள் ஜெசிந்தா. பழைய மரம் ஒன்றுவிடாமல் போய், புதுக் கன்றுகள் மூன்று வருடம் நோயில்லாமல் நின்றால் பலகையை எடுப்பார்களாம், அலுவலகத்தில் சொன்னார்கள். பலகையை முறைப்படி எடுத்தால் வளைவும் விடும் என்று தணிகாசலம் தன் சர்வீஸ் அனுபவத்தில் நம்பினார். ஊரில் பலர் வெட்டிவிட்டார்கள். காற்று பூச்சியை ஊருக்குள் அடித்துவருகிற கிழக்குப் பக்கத்தில் இருந்த மாயழகன் வெட்டவில்லை.

"காய்க்கிற மரத்தை எவன் வெட்டுவான்? எலுமிச்சங்காய் அளவுதான் காய்க்குது. இருந்தாலும் காய்க்குதுல்ல?" என்பார். 

இவர்களுடைய ஒரே மகள் கோமதி ஒட்டன்சத்திரத்தில் இருந்தாள். அவள் புருஷன் வெள்ளைத்துரை காய்கறி மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறவன். பலகை அடித்த அன்று அவள் புருஷன் வீட்டில் இருந்ததால் தப்பித்தாள். பிறகு வந்தபோதெல்லாம் நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். அவளுக்கு எட்டாம் மாதம் ஆனபோது, தாயால் இறங்க முடியாததால் வளைகாப்பை மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வெள்ளைத்துரை வேனில் கூட்டிவந்தான். வளையல் போட்டு, ஏழு வகைச் சோறும் ஊட்டி முடிந்தபின், "அத்தை, மூணு மணிக்குக் கிளம்பணும். உண்டது அசத்தும். அவளைத் தூங்க மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தனக்கும் கண் சொக்கியதால் வெளியே போய் வேனைக் கழுவினான்.

கோமதி தாயின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். சும்மா படுக்கிறேன், தூங்கமாட்டேன் என்றாள். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் வெளியே கேட்டது. பஞ்சவர்ணம் அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். மகளின் பேச்சு இழுபட்டது, பாதியில் நின்றது, இமைகள் ஒருமுறை திறந்து மூடின. கழுத்தைத் தொட்டு ஒரு உலுக்கு உலுக்கினால் போதும். பஞ்சவர்ணம் உலுக்கவில்லை. ஒரு வருடமாக அந்தத் தலையின் கனம் மடியில் இல்லாமல் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் என்று நினைத்தாள், அந்த நிமிடம் முடிந்ததும் இன்னொரு நிமிடம் என்று நினைத்தாள். வெள்ளைத்துரை ஈரக் கையோடு உள்ளே வந்தபோது கோமதியின் வாய் லேசாகத் திறந்திருந்தது, கழுத்தில் வேர்த்திருந்தது.

"அத்தை!"

"கண்ணு மூடினதே தெரியலை மாப்ளே" என்றாள் பஞ்சவர்ணம்.

அவன் அன்று நான்குமுறை வேனை ஓட்டினான். நான்குமுறையும் வளைவுக்கு அந்தப் பக்கம் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நான்காவது முறை பெஞ்சிலிருந்து கோமதி எழுந்திருக்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, குலுங்குது" என்றாள்.

பிள்ளை எங்கே பிறக்கும், பிறந்த பிள்ளை என்ன ஆகும் என்று ஊரே பேசியது. தணிகாசலம்தான் ஒரு வழி சொன்னார். "கண்ணாடிக் குழாய் ஏன் இறங்குது? இன்னும் நோய் தொடாத நுனி அது. பிறந்த பிள்ளையும் அப்படித்தானே? தூங்குறதுக்கு முன்னாடி வளைவைத் தாண்டிட்டா விட்டுடும்."

தினமும் கீழேயிருந்து வருகிற நர்ஸம்மா, "பிறந்த பிள்ளை ஒரு மணி நேரம் நல்லா முழிச்சிருக்கும், அப்புறம் அசந்துடும்" என்றார். பிறகு சந்தேகமாக, "ஆனா வயித்துக்குள்ள தூங்கியிருக்குமே சார், அது சேர்த்தியா?" என்று கேட்டார்.

"மலைமேல தூங்கினாத்தான். வயித்துக்குள்ள தூங்கினது மலையில சேராது" என்றார் தணிகாசலம், ஏதோ சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல. எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் தனக்குத் தெரியாது என்றாள்.

வெள்ளைத்துரை ஒரே பிடியாக இருந்தான். "நான் வெளியே, நீ உள்ளே. பிள்ளையும் உள்ளே கிடக்கணுமா? மூணு வருஷமோ முப்பது வருஷமோ யாருக்குத் தெரியும்? அது ஒண்ணாவது தப்பிக்கட்டும் கோமதி." அவள் சரி என்றாள். தாயோடு அவள் அந்த ஒரு மாதமாக வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை.

வலி காலை ஏழு மணிக்கு எடுத்து, பதினொன்று பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா துடைத்து, துணியில் சுற்றி, கோமதியின் நெஞ்சில் போட்டார். குழந்தை கண்ணை அகலத் திறந்து தாயின் தாடையைப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து கோமதி, "நீ எடுத்துட்டுப் போம்மா" என்றாள். நர்ஸம்மா கையை நீட்டியபோது, "அவங்க இல்லை. எங்கம்மாதான் எடுத்துட்டுப் போகணும்" என்றாள்.

ஜீப்பில் பஞ்சவர்ணம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வளைவில் இமை இறங்கியது. உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை அழுதது. ஐந்தாவது வளைவில் மறுபடி இறங்கியது. முகத்தில் ஊதினாள், காது மடலைக் கிள்ளினாள், "அழு தாயி, அழு, நல்லா அழு" என்று சொல்லிச் சொல்லித் தானும் அழுதாள். பலகைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்துரையும் அவன் தாயும் பால் பாட்டிலோடு நின்றார்கள். அவன் வந்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வளைவைத் தாண்டி நடந்தான். பஞ்சவர்ணம் இரண்டு கையையும் ஏந்தியபடியே நின்றாள். அந்த மலையிலிருந்து எடுத்துப் போனதெல்லாம் எடுத்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது, ஆகையால் எந்த நொடியும் கையில் கனம் விழும் என்று நின்றாள். விழவில்லை. ஜீப்காரர் இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் கையை இறக்கினாள்.

கோமதிக்கு இரண்டாம் நாள் பால் கட்டியது. காய்ச்சல் வந்தது. நர்ஸம்மா பீய்ச்சிப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோனார். கீழே போய்ச் சேர்ந்தபோது பாட்டில் கழுவிக் கவிழ்த்ததுபோல் உலர்ந்திருந்தது, மேலே கோமதியின் மார்பு மறுபடி கல்லாக இறுகியிருந்தது. கீழே குழந்தை பவுடர் பாலைக் குடிக்கவில்லை. குடித்ததைக் கக்கியது. நான்காம் நாள் வெள்ளைத்துரை டாக்டரிடம் காட்டிவிட்டு, பிள்ளையோடு நேரே மலையேறி வந்தான். வேனை வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்து, "தாய்ப்பால் இல்லாம முடியாதாம். குடிக்கட்டும், தூங்காம குடிக்கவச்சு உடனே கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றான்.

குழந்தை வாயை வைத்த வேகத்தில் கோமதி பல்லைக் கடித்தாள். நான்கு மடக்கு. ஐந்தாவது மடக்கில் குழந்தையின் கை தளர்ந்தது, கண் மேலே செருகியது, எல்லாப் பிள்ளைகளுக்கும் மார்பில் வருகிற அந்த மயக்கம் அதற்கும் வந்தது. வெள்ளைத்துரை காலைச் சுண்டினான். பஞ்சவர்ணம் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். அழுது, மறுபடி குடித்து, மறுபடி செருகி, மறுபடி சுண்டி, அரை மணி நேரத்தில் அரை வயிறு நிறைந்தது. பாட்டில் பால்போல் அல்லாமல், வயிற்றுக்குள் போன பால் வளைவைத் தாண்டியும் வயிற்றிலேயே இருந்தது. வேன் இறங்கியது.

ஒரு நாளைக்கு ஆறு தடவை அப்படி வந்தான். மார்க்கெட் வேலையை விட்டான். மலையடிவாரத்தில் ஒரு அறை எடுத்துத் தாயோடு தங்கினான். ஊர், தன் வழக்கப்படி, இதையும் ஏற்றுக்கொண்டு முறை போட்டது. வேன் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டார் தட்டும் கரண்டியுமாக ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்கள். தணிகாசலம் பள்ளிக்கூட மணியைக் கொண்டுவந்து அடிப்பார். உள்ளேயிருந்து "கண்ணை மூடுது, கண்ணை மூடுது" என்று பஞ்சவர்ணம் குரல் கொடுக்க, வெளியே தட்டுகள் அதிரும். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஏழாம் நாள் குழந்தை சத்தத்துக்குப் பழகி அதிலேயே சொக்கத் தொடங்கியதால், ஓயாமல் சுண்ட வேண்டிவந்து கால் சிவந்து கன்றிப்போனது. வாயை வைக்கும் முன்பே அழத் தொடங்கியது. அம்மாவின் வாசனை வந்தாலே உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. பிறந்த எடையைக்கூட எட்டவில்லை என்று நர்ஸம்மா சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் மதியம், வேன் வருவதற்கு முன், கோமதி பால் சங்கக் கட்டடத்துக்கு நடந்து போனாள். ஜெசிந்தா கத்தியை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அந்த நுனியை வெட்டி, வெறும் குழாயில வச்சா என்ன ஆகும்?"

ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்தாள். கோமதியின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்ததைப் பார்த்தாள். "கருத்துடும்" என்றாள்.

"எத்தனை நாள்ல?"

"மூணு நாள் தாங்கினா அதிகம். சுத்தமா இருந்து என்ன பண்ண? அதுக்குச் சாறு குடுக்க ஒரு நாத்து வேணும். அதனாலதான் ஒட்டறோம்." விளக்கை அணைத்துவிட்டு, "நான் எடுத்ததில நூத்துக்குத் தொண்ணூறு செத்திருக்கு கோமதி. குழாயைக் கழுவி வச்சுட்டு அடுத்ததை எடுப்பேன். அதுக்கு மேல நான் யோசிச்சதில்லை" என்றாள்.

கோமதி வீட்டுக்குத் திரும்பியபோது வேன் வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தட்டுகளோடு ஆட்கள் கூடியிருந்தார்கள். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "எல்லாரையும் போகச் சொல்லும்மா" என்றாள்.

"ஏன்டி?"

"போதும். தூங்கட்டும்."

வெள்ளைத்துரை எழுந்து நின்றான். "என்ன பேசுற? பன்னெண்டு நாள் தாண்டிட்டோம். இன்னும் கொஞ்ச நாள்ல பாட்டில்ல குடிக்கப் பழகிடும்."

"அதுக்குள்ள செத்துடும்ங்க. பாருங்க இந்தக் காலை." துணியை விலக்கிக் காட்டினாள். "இதைச் சுண்டினது நீங்களும் நானும்தான். வைரஸ் சுண்டலை."

அவன் பார்த்தான். பஞ்சவர்ணம் மகளின் காலடியில் உட்கார்ந்து, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். "அன்னிக்கு நீ தூங்குறதை நான் பார்த்தேன்டி. எழுப்பலை. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"தெரியும்" என்றாள் கோமதி. "நான் உடனே தூங்கிடலை. நீ எழுப்புவேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் காத்திருந்தேன். நீ முடியைக் கோதிக்கிட்டே இருந்தே. நல்லா இருந்துச்சும்மா. அப்புறம்தான் தூங்கினேன்." சொல்லிவிட்டு முதல்முறையாக அழுதாள், அழுதபடியே குழந்தையை மார்பில் சேர்த்தாள்.

வெளியே ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தணிகாசலம் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு நடந்தார். குழந்தை நான்கு மடக்குக் குடித்தது, ஐந்தாவது மடக்கில் கை தளர்ந்தது, அப்போதே கால் தானாக விறைத்துச் சுண்டுவதற்குக் காத்திருந்தது. யாரும் சுண்டாததால் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு கால் மெல்ல இறங்கியது. தூக்கத்திலேயே குடித்தது, நிறுத்தியது, குடித்தது.

வெள்ளைத்துரை வாசலுக்குப் போனான். எட்டு நாளாக, வந்து நின்றபோதெல்லாம், அந்த வாசலில் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து சாவியைத் திருப்பினான். அந்த அமைதியில் பக்கத்து வீட்டுக் குழாயில் சொட்டுவது கேட்டது. அவன் தன் தாய்க்குப் போன் செய்து கொஞ்ச நேரம் பேசினான், கேட்டான், "ஆமாம்மா" என்றான், வைத்துவிட்டு உள்ளே வந்து, கோமதிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். பன்னிரண்டு நாள் சேர்த்துவைத்த தூக்கம், படுத்த மாத்திரத்தில் வந்தது.

இதையெல்லாம் நடையில் நின்று பார்த்த மாயழகன் கோடாலியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். முதல் வரிசையில் முதல் மரம், சுருங்கிய இலையும் எலுமிச்சங்காய் அளவு பழமுமாக நின்றது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். சத்தம் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி ஊருக்குள் போனது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கியபோது பஞ்சவர்ணம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"நிறுத்துங்க. சத்தம் போடாதீங்க. பிள்ளை இப்பத்தான் தூங்குது."

"எவ்வளவு நேரம் தூங்கும்?"

"எனக்கென்ன தெரியும்? அது இதுவரைக்கும் இங்க தூங்கினதே இல்லை."

மாயழகன் கோடாலியைத் தரையில் வைத்து, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். பஞ்சவர்ணமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டுக் கடப்பாரையும் கயிறுமாக உதவிக்கு வந்த ஆட்கள், விஷயம் தெரிந்ததும் அங்கங்கே உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா வந்தாள். கண்டக்டரும் டிரைவரும் கடைசி பஸ்ஸை ஹாரன் அடிக்காமல் எடுத்துப் போனார்கள். மரத்தில் வெட்டுவாய் ஈரமாக இருந்தது, அதன்மேல் ஏற்கனவே இரண்டு எறும்பு வந்திருந்தது. நூற்றிருபது மரங்களுக்கு நடுவே அத்தனை பேரும் பேசாமல் காத்திருந்தார்கள்.

ஐந்தேகால் மணிக்கு வீட்டுப் பக்கமிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. வயிறு நிறைந்து, தூங்கி, தானாக விழித்த பிள்ளையின் அழுகை. மாயழகன் எழுந்து கோடாலியை எடுத்தார்.